பச்சை விளக்கை நம்பாதவர்

அந்த அம்மா முதல் நாள் லிஃப்டில் ஏறியதும் செய்த காரியம், அபாய மணியின் பொத்தானை அழுத்தியதுதான்.

மணி அடிக்கவில்லை. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன்.

"அடிக்கலியே?" என்றார்.

"அது ரொம்ப நாளா அப்பிடித்தான் மேடம்."

"அப்புறம் எதுக்கு செவப்புல எழுதி வெச்சிருக்கீங்க?"

அவர் இறங்கி, தோளில் தொங்கிய கனமான பையோடு மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போனார். மூன்று நாள் அப்படித்தான் ஏறினார். நான்காவது நாள் எலெக்ட்ரீஷியன் வந்து மணியைச் சரிசெய்துவிட்டுப் போனான். அதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே ஏறி, மறுபடி அழுத்தினார். கட்டிடம் முழுக்க மணி அலறியது. நர்சுகள் படியில் ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்ல, சரியா இருக்கான்னு பாத்தேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, "ம், மூணு" என்றார் என்னிடம்.

கண்டோன்மென்ட் பக்கத்தில் இருந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரி அது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். நான் அங்கே லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் நகரும் பழைய லிஃப்ட். என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுபோனது. அந்த வேலைக்கு எண் தெரிந்தால் போதும். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வருகிறவர்கள் விரலைக் காட்டுவார்கள், நான் பொத்தானை அழுத்துவேன்.

பிறந்து ஒன்றிரண்டு நாள் ஆன குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது அந்த அம்மாவின் வேலை. 'காது மேடம்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஐம்பது வயது இருக்கும். காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். பையில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் ரப்பரில் ஒரு மூக்கு. தூங்குகிற குழந்தையின் காதில் அதை மெல்ல வைத்தால் பெட்டி உள்ளே ஒரு சத்தத்தை அனுப்பும். நல்ல காதாக இருந்தால் அதுவும் உள்ளிருந்து ஒரு சத்தத்தைத் திருப்பிக் கொடுக்குமாம். அப்போது பச்சை விளக்கு எரியும். பதில் வராவிட்டால் சிவப்பு.

காதே ஒரு சத்தம் போடும் என்பதை நான் நம்பவில்லை. அவர் அதைவிட மோசம். அந்தப் பெட்டியையே அவர் நம்பவில்லை. தினமும் காலையில் முதலில் தன் காதில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஆயாவைக் கூப்பிட்டு அவள் காதில் வைப்பார். அதன் பிறகுதான் குழந்தைகளிடம் போவார். ஒரு குழந்தைக்குப் பச்சை வந்தால், மற்றவர்களாக இருந்தால் அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவார்கள். இவர் ரப்பர் மூக்கை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பார்.

"பச்சை வந்துடுச்சே மேடம், விடுங்க, புள்ள முழிச்சிக்கப் போவுது" என்பாள் நர்ஸ்.

"எனக்கும் கண்ணு இருக்கும்மா. வந்தது காதுலருந்து வந்துதா, மிஷினு சும்மா எரிஞ்சுதான்னு பாக்க வேணாமா?"

"நம்பிக்கையே இல்லையா உங்களுக்கு?"

"நம்பறதுக்குத்தான் சர்ச் இருக்குதே. இங்க பாத்துதான் சொல்லணும்."

இது வேலையில் மட்டும் இருந்த குணம் இல்லை. கேன்டீன் டீயை முகர்ந்து பார்க்காமல் குடிக்க மாட்டார். தன் பேர் வெட்டிய டிபன் டப்பாவைத் திறந்து, தன்னுடைய சோறுதானா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மழை விட்டதா என்று யாரைக் கேட்டாலும், பதிலைக் கேட்டுக்கொண்டே சன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். வீட்டில் காது கேளாத யாரோ இருக்கிறார்கள், அதனால்தான் இப்படி என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அப்படி யாருமில்லை, பிறவியிலேயே இப்படித்தான் என்றாள் இன்னொருத்தி. எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் அவர் லிஃப்டுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றுகொண்டார். கதவைச் சாத்த முடியவில்லை.

"இந்த லிஃப்டு போறப்பல்லாம் என் ரூமுல சத்தம் கேக்குது. அந்த சத்தத்துல நல்ல புள்ளைக்கும் செவப்பு எரியுது. பத்து மணிலருந்து கால் மணி நேரம் நிறுத்தி வை."

"மேனேஜர் திட்டுவாரு மேடம்."

"ஸ்ட்ரெச்சர் வந்தா வுடு. நடக்கிறவங்க நடக்கட்டும்."

காலை எடுக்கவே இல்லை. சரி என்று சொன்ன பிறகுதான் எடுத்தார். அதுவும், "நாளைக்கு நான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு லிஃப்ட் நின்றது. திட்டெல்லாம் எனக்குத்தான். கம்ப்யூட்டர் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பையன், கையில் பழக்கூடையோடு, "ரிப்பேரே இல்லாத லிஃப்டை நிறுத்தி வெச்சிக்கினு உக்காந்திருக்கியே, உனக்கு சம்பளம் எதுக்கு?" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு வாங்கிய ஒவ்வொரு நாளும் அந்த அம்மாவின் மேல் எனக்கு ஒரு கசப்பு ஏறியது.

அவரைப் பற்றி வேறு பேச்சும் இருந்தது. சிவப்பு எரிந்த குழந்தைகளின் பெற்றோரை ஒரு மாதம் கழித்து வரச் சொல்வார். வராதவர்களின் வீட்டைத் தேடிக்கொண்டு போவார். சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருத்தர் எதற்காக வீடு தேடிப் போக வேண்டும்? சிவாஜிநகரில் காது மிஷின் விற்கிற கடைக்காரனிடம் கமிஷன் வாங்குகிறார், அதனால்தான் இத்தனை குழந்தைகளுக்குச் சிவப்பு என்றார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மேனேஜருக்கு லிஃப்ட் நிற்பது ஆகவில்லை. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏனப்பா, நீதான் எல்லாரையும் பாக்கறே. அந்தம்மாவ யார் பாக்க வர்றாங்க, என்ன குடுக்கறாங்கன்னு கண்ணு வெச்சுக்கோ. என்கிட்ட மட்டும் சொல்லு. கொத்தாயித்தா?"

தெரிந்தது என்று தலையாட்டினேன். வாய் திறந்து மறுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சொல்லப்போனால் மறுக்கத் தோன்றவும் இல்லை.

இரண்டு வாரத்தில் பார்த்தேன். கடைக்காரன் லிஃப்டிலேயே வந்தான். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்ததும் அந்த அம்மா நின்றிருந்தார். அவன் ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தான். உப்பலான கவர். அவர் அதை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். இதை மேனேஜரிடம் சொன்னேன். எழுதி வைக்கிறேன், பிறகு கையெழுத்துப் போடு என்றார். நான் கொஞ்சம் தயங்கினேன். அது அப்படியே கிடந்தது.

அந்த மாதக் கடைசியில் எனக்கு மகன் பிறந்தான். ஊழியன் என்பதால் அதே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். இரண்டாம் நாள் அந்த அம்மா பெட்டியோடு வந்தார். என்னையும் என் மனைவியையும் வழக்கமான கேள்விகள் கேட்டார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"அக்கா பொண்ணு, மேடம்."

எழுதிக்கொண்டார். என் காது சூடாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற கல்யாணம்தான். அதை எதற்காக எழுத வேண்டும்?

வலது காதில் சிவப்பு. இடது காதில் சிவப்பு. துடைத்து வைத்தார், மறுபடி சிவப்பு. லிஃப்ட் நின்றுதான் இருந்தது. நான்தானே நிறுத்திவிட்டு வந்தேன்.

"காதுல அழுக்குத் தண்ணி இருந்தாலும் இப்பிடி வரும். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு மாசம் கழிச்சிக் கண்டிப்பா கூட்டினு வா."

அவர் போன பிறகு என் மனைவி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கவரைப் பார்த்ததை நான் மேனேஜரிடம் சொன்னது இவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால் என் பிள்ளைக்குச் சிவப்பைக் காட்டிவிட்டார் என்றே நினைத்தேன். நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். இங்கிலீஷில் அடித்து வைத்திருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மா வரவில்லை. லிஃப்ட் பத்து மணிக்கும் ஓடியது.

எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில், தண்டவாளத்தை ஒட்டின வரிசையில் இருந்தது. என் அக்காவும் எங்களோடுதான் இருந்தாள். அக்காவே மாமியாராகவும் ஆகிவிட்டவள் என்பதால் எனக்கு இரண்டு பங்கு திட்டு கிடைக்கும். பிள்ளைக்குக் காதில் சந்தேகம் என்று சொன்னபோது அவள் துள்ளினாள்.

"இன்னாடா சொல்ற? ரயில் போனா கையக் கால உதறிக்கினு எழுந்துக்குறான். இவனுக்கா காது கேக்காது? சொன்னவ நாக்கு அழுவ!"

உண்மைதான். ஒவ்வொரு ரயிலுக்கும் என் மகன் பாபு பாயில் திடுக்கிட்டு விழித்தான். அதை நானே கண்ணால் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து வரச் சொன்ன தேதி வந்தது, போனது. அந்த அம்மாதான் அங்கே இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

பாபுவுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு குடை தெரிந்தது. அந்த அம்மா. கையெழுத்துப் போட்டதற்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தேதிக்கு ஏன் வரல?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள். "எதுக்கு வரணும்? புள்ள நல்லா இருக்கான். உங்க கமிசனுக்கு வேற வூடு பாருங்க."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. "நல்லா இருக்கான்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"ரயிலு வரட்டும், நீயே பாரு."

"சரி, பாக்கறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். பாபு பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் ரயில் வந்தது. அலமாரித் தட்டில் டம்ளர்கள் கிலுகிலுத்தன. பாபு இரண்டு கையையும் விரித்து உதறினான்.

"பாத்தியா?" என்றாள் அக்கா.

அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தார். "நீங்களும் கைய வெச்சிப் பாருங்க. தரை எப்பிடி அதிருது?" பிறகு என் மனைவியிடம், "புள்ளையத் தட்டித் தூங்க வெச்சி எங்கிட்ட குடும்மா" என்றார்.

பாபுவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் போய் நின்றார். அடுத்த ரயில் ஊதிக்கொண்டே போனது. வாசலில் நின்றால் பல் கூசுகிற சத்தம். நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். பாபு வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட குடு. நீ இன்னா மந்திரம் போட்டியோ" என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"அதான் சரி. நீங்களே பாருங்க" என்று அந்த அம்மா ஒதுங்கி நின்றார்.

அக்கா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் ரயில் வரவில்லை. வந்தபோது அது நீளமான சரக்கு ரயில், எங்கள் வீட்டுக்கு நேரே வந்து ஊதியது. அக்கா பாபுவின் இமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி போனதும் மெல்லப் படியில் உட்கார்ந்தாள். "சாமி" என்றாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா பெட்டியை எடுத்தார். அது ஆஸ்பத்திரியின் பெட்டி என்று நினைத்திருந்தேன், அவருடைய சொந்தப் பெட்டி. பையிலிருந்து அந்தப் பழுப்புக் கவரையும் எடுத்தார். நான் பார்த்த அதே கவர். பாயில் கவிழ்த்தார். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் மூக்குகள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கொட்டின.

"ஒரு புள்ள காதுல வெச்சத இன்னொண்ணுக்கு வெக்கக் கூடாது. உங்க ஆஸ்பத்திரியில கேட்டா கழுவி வெச்சா போதும்னாங்க. கடைக்காரன் கிட்ட கெஞ்சி வாங்கினேன்" என்று பொறுக்கிக்கொண்டே சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

ரயில் வராத இடைவெளியில் இரண்டு காதிலும் பார்த்தார். சிவப்புதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "என் மிஷினை நம்பாதீங்க. அங்க மூளை வரைக்கும் சத்தம் போவுதான்னு பாப்பாங்க. நாளைக்கே போங்க. தள்ளிப் போட்டா பேச்சு வராது."

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் போனோம். பல நாள் அலைச்சலுக்குப் பிறகு இரண்டு காதிலும் குறை என்று உறுதியாகச் சொன்னார்கள். மிஷின் மாட்டினால் கொஞ்சம் கேட்க வாய்ப்பு இருக்கிறது, பழக்க வேண்டும் என்றார்கள். நடுவில் ஒருநாள் மேனேஜரிடம் போய், நான் சொன்னது தப்பு, அந்தக் கவரில் ரப்பர்தான் இருந்தது என்றேன். வாழ்நாளில் நான் ஓர் அதிகாரியிடம் நானாகப் போய் மறுத்துப் பேசியது அன்றுதான். "கையெழுத்து போட்டாச்சல்லா? போய் வேலையப் பாரு" என்றார் அவர்.

ஏழாவது மாதத்தில் பாபுவின் காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டினார்கள். பழக்குவதற்கு அந்த அம்மாவிடமே அனுப்பினார்கள். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் முன்னறையில் அவர் தனியாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார். முதல் நாள், மனைவி பிள்ளையோடு உள்ளே போன பிறகு, நான் வராந்தாவில் அவரை நிறுத்தினேன்.

"மேடம், உங்க வேலை போனது என்னாலதான். நான்தான் கவரைப் பத்தி..."

"தெரியும்" என்றார். "நீ கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டினாங்க. உன் கையெழுத்துல ரெண்டு எழுத்து சாஞ்சி இருந்துது."

"மன்னிச்சிடுங்க மேடம்."

"சந்தேகப்பட்டதுக்கு எதுக்குப்பா மன்னிப்பு? உன் எடத்துல நான் இருந்தா நானும்தான் பட்டிருப்பேன். ஆனா கவரைத் தெறந்து காட்டுன்னு கேட்டிருப்பேன். நீ கேக்கவே இல்ல. அதுக்கு வேணும்னா மன்னிப்பு கேளு."

கேட்டேன். அதற்குள் அவர் என் செருப்பைப் பார்த்து, "சேறு. வெளிய வுடு" என்றார்.

வாரம் ஒரு நாள் போனோம். பறையும் கிலுகிலுப்பையும் மணியும் வைத்து மாதக்கணக்கில் பழக்கினார். பாபு சில நாள் திரும்புவான், பல நாள் திரும்ப மாட்டான். வீட்டில் அக்கா, "எம்பேரன் நான் கூப்பிட்டா பாக்கறான்" என்பாள். எனக்கு அதை நம்பத் தைரியம் வரவில்லை. ரயில் விஷயத்தில் ஒருமுறை நம்பியது போதும்.

அவனுக்கு ஒரு வயது ஆகப்போகிற சமயம். அன்று அறையில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அந்த அம்மா பாபுவை என் மனைவியின் மடியில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். கையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்தார். என்னைப் பின்னால் நிறுத்தினார்.

"கூப்பிடு."

நான் காத்திருந்தவர்களைப் பார்த்தேன். "பாபு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"அப்பன் கூச்சத்துக்கெல்லாம் மிஷின் கெடையாது. சத்தமா."

"பாபு!"

திரும்பினான். "திரும்பிட்டான் மாமா!" என்று மனைவி கத்தினாள். பெஞ்சில் இருந்த ஒரு பாட்டி கை தட்டினார். நோட்டின் மேல் கிடந்த பென்சிலை அந்த அம்மா தொடவில்லை.

"உன் நெழல் செவுத்துல ஆடுச்சு. அதப் பாத்திருப்பான். இந்தப் பக்கம் வா."

இடம் மாறி நின்று கூப்பிட்டேன். பாபு மரத்துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டேன். திரும்பவில்லை. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை தட்டிய பாட்டி கீழே பார்த்தார்.

"மரத்து மேல கவனமா இருக்கான். வாங்கி வெச்சிடும்மா. நீ வெளிய போ. திரைக்குப் பின்னால, வராந்தாவுல நில்லு. உன் நெழலும் வேணாம், உன் வாசனையும் வேணாம்."

போய் நின்றேன். வாசல் திரை கனமான துணி, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எதிரே தெரு. ஸ்கூட்டரில் போகிறவர்கள், எதிர்வீட்டு கேட்டில் சாய்ந்திருந்த இரண்டு பெண்கள், எல்லோரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அவன் பிறந்து ஒரு வருடமாகிறது, அன்றைக்கு முன்னால் நான் அவனை ஒருமுறைகூட வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் தோன்றியது.

"பாபூ! டேய் பாபூ!"

எதிர்வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மனைவி கத்தவில்லை. யாரும் கை தட்டவில்லை. திரைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு தாங்காமல் ஓர் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன்.

பாபு மடியில் முழுக்கத் திரும்பி, என் மனைவியின் தோளுக்கு மேலே தலையைத் தூக்கி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து வந்து, திரைக்குக் கீழே என் நிழல் உள்ளே விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் போய் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார்.